அன்று வண்டியைக் கழுவியது நான்தான், அண்ணா

என் ஆசை அண்ணாவுக்கு,

மஞ்சள் காமாலையில் நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் மோட்டார் சைக்கிள் கிணற்றடியில்தான் நிற்கிறது. ஞாயிறு தவறாமல் அண்ணி அதைக் கழுவுகிறாள். யாரும் ஓட்டாத வண்டிக்கு எதற்கு இத்தனை உபசாரம்? அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து, அதைப் பார்த்துவிட்டு வயிறெரிந்து திரும்புகிறேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்த நீ, கிராமங்களுக்குப் போய்வர அந்த வண்டியை வாங்கியபோது எனக்குப் பதினேழு வயது. சீட்டைத் தொட்டுப் பார்க்க வந்தேன். “கை வெக்காதடி, கீறல் விழுந்துடும்” என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் உனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, திண்டிவனத்திலிருந்து வந்தவளைக் கூப்பிட்டு அதே வண்டியைக் கழுவச் சொல்லிக்கொடுத்தாயே! உன்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “இன்ஜின் சூடா இருக்கச்சொல்ல தண்ணி படக்கூடாது சரோஜா. ஆறட்டும். சைலன்சர் வாயில துணிய அடைச்சிடு. கார்புரேட்டர ரப்பர் ஷீட்டால சுத்திக் கட்டு, உள்ள தண்ணி போனா ஸ்டார்ட் ஆவாது.” அண்ணி என்னவோ சொல்ல, நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் அம்மா உலை பொங்குகிறது என்று கத்தினாள். அதற்குமேல் சக்கரத்தைப் பற்றி நீ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும், அண்ணி எழுவதற்கு முன்னால் நானே கழுவினேன். துணி அடைத்தேன், ரப்பர் ஷீட் கட்டினேன். சக்கரம் பளபளக்க வேண்டும் என்று குடம் குடமாக வீசி ஊற்றினேன். ‘யார் இவ்வளவு சுத்தமாகக் கழுவியது?’ என்று நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நீயோ மேல்சித்தாமூரில் மோட்டார் எரிந்துவிட்டதாக ஆள் வர, வண்டியை ஏறிட்டும் பார்க்காமல் கிளம்பிவிட்டாய்.

கடைத்தெரு முனையில் மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பிரேக் பிடிக்கவில்லை. ஒதுங்கப் பார்த்து விழுந்தாய். மணிக்கட்டு முறிந்தது. உன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மெக்கானிக், “பிரேக்குக்குள்ள தண்ணி பூந்திருக்குது. சக்கரத்த ஈரத் துணியால தொடைக்கணும், ஊத்தக் கூடாது. கழுவினப்புறம் மெதுவா ஓட்டி, பிரேக் புடிக்குதான்னு பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும்” என்றார். நைனா அண்ணி பக்கம் திரும்பினார். “இன்னாம்மா கழுவுன நீ? எம்புள்ள செத்திருந்தா?”

அண்ணி என்னை ஒரு தடவை பார்த்தாள். “தெரியாம பண்ணிட்டேன் மாமா” என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது அண்ணா, இனி அவளை வண்டிப் பக்கம் விடமாட்டாய் என்று. நீயோ அடுத்த ஞாயிறே, கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளையே கழுவச் சொன்னாய்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் துக்கம் கேட்க வந்தவர்களிடம் நைனா, “எம்புள்ளைய அன்னிக்கே விழவெச்சவ” என்று அண்ணியைக் காட்டிச் சொன்னார். அவள் காபித் தட்டோடு அப்படியே நின்றாள். அவர்கள் போனதும் கிணற்றடிக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு வண்டி கழுவுனது நான்தான் அண்ணி.”

“தெரியும் ராஜி. உன் பாவாடை பூரா ஈரமா இருந்துச்சே. உங்கண்ணனுக்கும் தெரியும். ‘பயந்து கெடக்குது, கேக்காத’ன்னாரு.”

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. நான் ஒருத்தியாகச் சுமந்ததாக நினைத்த தப்பு அது. அதையும் நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் வைத்துக்கொண்டீர்களா? என்னைக் கூப்பிட்டு ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? அந்த அறையாவது எனக்கு மட்டும் கிடைத்திருக்குமே.

நாளைக் காலையில் நைனாவிடம், வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே, உண்மையைச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அண்ணிமேல் இனி பொறாமைப்படக் கூடாது என்று மட்டும் கேட்காதே அண்ணா. அது என்னால் ஆகாது.

உன் கூடப் பிறந்தவள்,
ராஜி