படகு ஓடவில்லை

தெற்கு யூயிஸ்ட் தீவு, ஸ்காட்லாந்து
14 மே 2024

கயல் அப்பாவுக்கு,

பவளம் எழுதுவது. தீவு தீவாகத் தனியாக நடக்க ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. நலம். கால் இரண்டும் இன்னும் உடம்போடுதான் இருக்கின்றன.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் ஓர் ஓடையைத் தாண்டும்போது என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இந்தத் தீவில் ஆட்டுக்குத் தீவனம் வாங்கலாம், மனுஷிக்குப் போன் வாங்க முடியாது. கடைக்காரம்மா தன் கம்ப்யூட்டரைக் கொடுத்திருக்கிறார். இனி இப்படி எங்காவது கிடைக்கும் இடத்தில் உங்கள் மெயிலைப் பார்ப்பேன், நானும் எழுதுவேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உங்களுடையது. உங்களோடு போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது, ஆகவே கடிதமே போதும். கயலிடம் போன் போன கதையைச் சொல்லிவிடுங்கள். தினமும் சாயங்காலம் அந்த ஆரஞ்சு டப்பாவை அமுக்குகிறேன். நான் இருக்கும் இடம் உங்கள் மேப்பில் புள்ளியாக வரும். அதில் நீங்கள் எனக்குத் திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த டப்பாவை எனக்குப் பிடித்திருக்கிறது.

காற்றைத்தான் சமாளிக்க முடியவில்லை. கூடாரம் அடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஃபிரிஸ்கோவில் நான் பழகுவதற்காக முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தபோது, "என்ன பவளம், கார் ரிப்பேரா?" என்று கேட்டாளே பக்கத்து வீட்டு ஷ்யாமளா, அவளிடம் சொல்லுங்கள், இங்கே நடப்பவளை யாரும் அப்படிக் கேட்பதில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நாலு நாள் யாருக்கும் சாப்பாடு கட்டவில்லை. குற்ற உணர்ச்சி வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

கிளம்பும்போது சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன். எதையும் என்னிடம் மறைக்கக் கூடாது. 2003-இல் என் அம்மா கரூரில் இறந்தபோது எனக்கு பார்மஸி பரீட்சை என்று நீங்களும் என் அண்ணனும் பேசி வைத்துக்கொண்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் சொன்னீர்கள். நான் பாஸ் பண்ணினேன். அந்த சர்டிபிகேட்டை இன்றுவரை வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. கயல் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது நான் கிளம்பியதற்கே மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள்தான் "பேபி வந்தா உனக்கு டைம் கிடைக்காதும்மா, இப்பவே போ" என்று தள்ளிவிட்டாள். நல்லதோ கெட்டதோ அன்றைக்கே தெரிய வேண்டும்.

பவளம்

*

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
16 மே 2024

அன்புள்ள பவளத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனை ஓடையில் போட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஜிப் வைத்த பையில் போடு என்று மூன்று தடவை சொன்னேன்.

இங்கே நேற்று ஆலங்கட்டி மழை. காரேஜில் உன் கார் நின்றதால் என் கார் வெளியே நின்றது, பானட்டில் பதினொரு பள்ளம். புல் உயரமாக இருக்கிறது என்று சொசைட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ரசம் வைத்தேன். குடித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம். இன்று வியாழக்கிழமை, அனுமார் கோயிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்தேன். பார்க்கிங் கிடைக்கவே அரை மணி.

கயலிடம் பேசினேன். இருபத்தோரு வாரம் முடிந்துவிட்டதாம். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். மாப்பிள்ளை அனிருத் தொட்டிலை இப்போதே பூட்டி வைத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று திரும்பக் கழற்றிக்கொண்டிருக்கிறானாம்.

மறைக்க மாட்டேன். அன்று செய்தது தப்பு என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். நீ நிம்மதியாக நட.

சேனாபதி

*

பிளசன்டன், கலிபோர்னியா
18 மே 2024

பவளம்,

இதை எழுதி அனுப்பாமல் வைக்கப் போகிறேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்றுக் காலை ஆபீசில் இருக்கும்போதே கயலுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. அனிருத் போன் செய்தான், நான் அடுத்த ஃபிளைட்டைப் பிடித்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. அரை மணி நேரம் மூச்சு இருந்ததாம். நர்ஸ் ஒரு சின்னத் தொப்பி போட்டு என் கையில் கொடுத்தாள். எனக்குத் தூக்கத் தெரியவில்லை பவளம். பாரமே இல்லை.

கயல் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா." சொல்லிவிட்டேன் என்றேன். "எப்ப வர்றா?" என்றாள். அங்கே காற்று, படகு ஓடவில்லை, ஓடினதும் கிளம்பிடுவா என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

உன் புள்ளி மேப்பில் நகர்கிறது. இன்று நிறைய நடந்திருக்கிறாய். இதைப் படித்துவிட்டு நீ அந்தக் காட்டில் தனியாக அழுதுகொண்டு நடந்து எங்காவது விழுந்துவிட்டால் யார் தூக்குவார்கள்? உனக்கென்று நீ கேட்டதே இந்த ஒன்றுதான். நடந்தது நடந்துவிட்டது. நீ வந்து என்ன செய்யப் போகிறாய்? முடித்துவிட்டு வா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

சேனாபதி

*

ஃபிரிஸ்கோ
19 மே 2024

அன்புள்ள பவளத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். புல்லை வெட்டிவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, வெயில் அடிக்கிறது. ஷ்யாமளா வீட்டிலிருந்து பிசிபேளா கொடுத்து அனுப்பினார்கள்.

கயல் ஆபீசில் ஏதோ டிரெய்னிங் என்று பிஸியாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். உன்னை விசாரித்தாள். நீ எதையும் யோசிக்காமல் நட.

சேனாபதி

*

பெர்னரே தீவு
23 மே 2024

கயல் அப்பாவுக்கு,

இந்த ஹாஸ்டலில் ஒரு ஜெர்மன்காரப் பெண் தன் மடிக்கணினியைக் கொடுத்திருக்கிறாள். உங்கள் இரண்டு கடிதத்தையும் படித்தேன். இரண்டாவதில் நீங்கள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா?

என் வலது முட்டி வீங்கியிருக்கிறது. நேற்று முன்தினம் சதுப்பு நிலத்தில் இடுப்புவரை இறங்கிவிட்டேன். வழி காட்டும் கம்பத்தைப் பார்த்து நடந்தவள் கீழே பார்க்கவில்லை. கத்தினேன். நாலு ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன. வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. கூடாரத்துக்குள் நனைந்த துணியோடு உட்கார்ந்து, புளிக்காய்ச்சலைக் கரண்டியால் அப்படியே தின்றேன். அப்போது வீட்டு ஞாபகம் வந்தது. பயந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் முன்னால் கயல் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன். அவளுக்கு மெயில் போட்டால் ஆபீஸ் குப்பையோடு போய்விடும், வீட்டு விலாசம்தான் எனக்குத் தெரியும். கார்டு அவளுக்கு இல்லை, உள்ளே இருக்கிற ஆளுக்கு. கயலுக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷில் எழுதினேன். பாட்டி உனக்காக ஒரு கடற்கரை பார்த்து வைத்திருக்கிறேன், சீக்கிரம் வந்து சேர், அவசரம் மட்டும் வேண்டாம் என்று. அசட்டுத்தனம்தான். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாளாகக் கயலோடு பேச வேண்டும் போல இருக்கிறது. அவள் நம்பரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். நாளை படகில் ஹாரிஸ் தீவு. பாதியில் வருவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வா என்று ஒரு வார்த்தை எழுதினால் அங்கிருந்தே கிளம்பிவிடுகிறேன்.

பவளம்

*

ஃபிரிஸ்கோ
25 மே 2024

அன்புள்ள பவளத்துக்கு,

முட்டிக்கு எண்ணெய் தடவு, இரண்டு நாள் உட்கார். ஆனால் பாதியில் வராதே. இவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பினால் நீயே பிறகு வருத்தப்படுவாய். முடித்துவிட்டு வா.

கயல் நம்பரை மாற்றப் போகிறாளாம், ஏதோ ஆபர். புது நம்பர் வந்ததும் எழுதுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கவலைப்படாதே.

சேனாபதி

*

பிளசன்டன்
30 மே 2024

பவளம்,

நான் ஃபிரிஸ்கோவில் இல்லை. பன்னிரண்டு நாளாகக் கயல் வீட்டில் இருக்கிறேன். பதினெட்டாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்ததை இதோடு அனுப்புகிறேன். முதலில் அதைப் படி. உட்கார்ந்துகொண்டு படி.

இன்று உன் கார்டு வந்தது. அனிருத் தபாலை எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டான், கவனிக்கவில்லை. கயல் எடுத்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். "அப்பா, அம்மாவுக்குத் தெரியும்தானே?" என்றாள். அம்மா இதை முன்னாடியே போட்டது, லேட்டாக வந்திருக்கிறது என்றேன். அவள் ரூமுக்குள் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு இது கையை மீறிவிட்டது என்று தெரிந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ திட்டு, அடி, வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி செய். கயலிடம் உனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்லிவிடு. படகு ஓடவில்லை, போன் இல்லை, வர முடியவில்லை என்று சொல். உன்னால் அவளைச் சமாதானப்படுத்திவிட முடியும், நீ அம்மா. நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் இந்த நிலைமையில் அவள் மனசு தாங்காது. கொஞ்ச நாள் போகட்டும், உடம்பு தேறட்டும், பிறகு நானே பக்குவமாகச் சொல்கிறேன்.

கயல் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். பேசுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசு.

சேனாபதி

*

பிளசன்டன்
8 ஜூன் 2024

கயல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாரிஸில் ஒரு நூலகத்தில் படித்தேன். கயலுக்குப் போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. இரண்டு படகு மாறி, பஸ் பிடித்து, ஃபிளைட் ஏறி, மூன்றாம் நாள் இங்கே வந்து சேர்ந்தேன். இரண்டு படகும் நேரத்துக்கு ஓடின. நான் வருவதற்கு முந்தின நாள் நீங்கள் ஃபிரிஸ்கோ கிளம்பிவிட்டதாக அனிருத் சொன்னான்.

கயல் கதவைத் திறந்து, "இட்ஸ் ஓகே, அம்மா" என்றாள். அவள் என் கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்று முழுக்க நீங்கள் கேட்டதைச் செய்து பார்த்தேன். படகு ஓடவில்லை, போன் இல்லை, வர முடியவில்லை என்றேன். கேட்டுக்கொண்டாள். ராத்திரி எனக்குப் போர்வை எடுத்துக் கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதைப் போலக் கொடுத்தாள்.

மறுநாள் துணி மடித்தபோது அவள் சட்டையில் பால் கறையைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவளுக்குப் பால் கட்டியிருக்கிறது. பிள்ளை போன மூன்றாம் நாள் மார் கல்லாகி, ஜுரம் வந்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். வீட்டில் நீங்களும் அனிருத்தும். யாரிடம் சொல்வாள்? நீ வந்து என்ன செய்யப் போகிறாய் என்று எழுதியிருந்தீர்கள். பால் வற்ற மாரில் மல்லிகைப்பூவைக் கட்டியிருப்பேன். என் அம்மா எனக்குக் கட்டியதுபோல. இங்கே இந்தியன் ஸ்டோரில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ வருகிறது, பத்து நிமிஷம் டிரைவ். அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்கு மேல் உங்கள் பொய்யை என்னால் சுமக்க முடியவில்லை. நேற்று மத்தியானம் கயலை உட்கார வைத்து, எனக்கு முப்பதாம் தேதி கடிதத்தில்தான் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. "அப்பா வுட் நெவர் டூ தட்" என்றாள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம், அவ்வளவு நம்பிக்கை.

அனிருத்தின் பிரிண்டரில் கடிதங்களை எடுத்தேன். கயலுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆகவே நான் வாசித்தேன். தேதியைச் சொல்லி, உங்கள் கடிதம், என் கடிதம் எல்லாவற்றையும். பதினெட்டாம் தேதியில் நிறுத்திவிட்டேன். "கோ ஆன்" என்றாள். இருபத்தைந்தாம் தேதியில், அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்ற இடத்தில், "அதை மறுபடி படி" என்றாள். படித்தேன். அந்த வாரம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குச் சொன்னாள். ஒன்றும் இல்லை. பிறகு என் மடியில் படுத்து அழுதாள். மூன்று வாரம் தள்ளிப்போன அழுகை.

நான் ஃபிரிஸ்கோ வரவில்லை. எப்போது என்று கேட்காதீர்கள். என் அம்மா விஷயத்தில் நீங்கள் செய்ததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து இருபத்தொரு வருஷம் உங்களோடு வாழ்ந்தேன். என் மகளுக்குச் செய்ததற்குக் கண்டுபிடிக்க எனக்கு மனசில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. யார் எதைத் தாங்குவார்கள் என்று நீங்களே முடிவு செய்கிறீர்கள், தாங்க வேண்டியது நாங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

இதையும் கயலுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீங்கள் பதில் எழுதினால் அதையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பவளம்