திங்கட்கிழமைத் தொட்டில்

என் மனைவிக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பூமிகா பிறந்தபோது, பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விட வேண்டுமென்று வலியோடு சண்டை போட்டாய். வெளியே நர்சுகளிடம் மன்னிப்புக் கேட்டது நான். போன மாதம், பாலூட்ட ஓர் அறை கேட்டு, பெண்களைத் திரட்டி எங்கள் கம்பெனி வாசலில் உட்கார்ந்தாய். எல்லோர் முன்னாலும், "இன்னா மேனேஜர் சார், உங்க பொண்ணுக்கு நான் கக்கூஸ்லயா பால் குடுத்தேன்?" என்றாய். கும்மிடிப்பூண்டியே சிரித்தது. நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த திங்கள் காலை தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார். ஸ்டோர் ரூமைக் காலி செய்து, தொட்டில் கட்டி, பாலூட்டும் அறை என்று பலகை மாட்டும்படி எனக்கு உத்தரவு. மறுநாள் அட்டைப்பெட்டிகள் திரும்பி வந்துவிடும். கைக்குழந்தைக்காரிகள் வாய் திறந்துவிடக் கூடாதென்று அவர்களுக்குத் திங்களன்று மட்டும் விடுமுறை.

நேற்று சோனியா என்ற பெண் நனைந்த சட்டையோடு வந்தாள். "சார், பால் கட்டிக்கினு உயிர் போவுது. அஞ்சு நிமிஷம் உட்டா கக்கூஸ்ல பீச்சிட்டு வந்துடறேன்." திங்கட்கிழமை விடுமுறை என்றதும் என்னைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை.

அதிகாரி வரும்போது அந்தக் கைக்குழந்தைக்காரிகளைக் குழந்தைகளோடு கேட்டில் நிறுத்து. உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதாக மட்டும் நினைக்காதே.

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கீழே என்னவென்று கையெழுத்திடுவது? மேலாளர் என்றால் வேலை போகும். கணவன் என்றால் நீ ஏற்க மாட்டாய். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.