பஷ்தூ தெரிந்தவர் தேவை

பஹ்மன் மாதம் 14
குல்ஷஹர் வாழ் அகதி மக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: இன்றுமுதல் ஜமான், வயது பதினாறு, மொழிபெயர்ப்பாளர் தேடும் துறையின் அமைச்சர். தேர்தல் நியாயமாக நடந்தது. விழுந்த ஓட்டு ஒன்று. போட்டவன் நான்.

என் வகுப்பு நண்பன் சகிதாதும் அவனுடைய காந்தஹார் கூட்டாளியும் ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறார்கள். படம் இவன், வசனம் அவன். வசனம் முழுக்கப் பஷ்தூ. சகிதாதுக்கு ஒரு வரி புரியாது; கூட்டாளிக்குப் பாரசீகம் வராது. தெஹ்ரான் நிறுவனம் ஒன்று அதைப் பாரசீகத்தில் கேட்கிறது, அடுத்த மாதம், இஸ்ஃபந்த் பத்துக்குள். பிடித்தால் அவனுக்கு வேலை, இங்கே தங்க அனுமதி. இல்லையென்றால் குடும்பத்தோடு எல்லைக்கு அந்தப் பக்கம்.

"ஒரு வாரத்துல ஆள் பிடிச்சுத் தர்றேன்டா" என்றேன்.

பஹ்மன் 20
முல்லா ஒத்துக்கொண்டு முதல் கட்டத்தைப் பாரசீகத்தில் எழுதியும் தந்தார். கொள்ளைக்காரன் வாளை உருவிக்கொண்டு வந்து, "அல்லாஹ் உங்களுக்கு நேர்வழி காட்டட்டும், சகோதரரே" என்கிறான். விளையாடுகிறவன் அழுதுகொண்டே தொழப் போய்விடுவான்.

பஹ்மன் 23
ரொட்டிக் கடைக்காரர்: "எழுதப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா தினம் நெருப்புக்குள்ள கைய விடுறேன்?"

பஹ்மன் 27
வகுப்பில் பஷ்தூ பேசுகிறவன் ஸர்குன் ஒருவன்தான். கெஞ்சினேன்.

"ரெண்டு வருஷமா என்னை மாதிரியே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சியே. அந்த வாயாலயே மாத்திக் குடு, போ."

நல்ல பதில். நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம்.

இஸ்ஃபந்த் 4
யாரும் இல்லை. அம்மா சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள். எந்த மொழியில் என்று எழுதப்போவதில்லை.

இஸ்ஃபந்த் 10
சகிதாத் லேப்டாப்பை மூடிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினான். திட்டியிருக்கலாம்.

இஸ்ஃபந்த் 25
எல்லைக்குப் போகும் பஸ். மூட்டைகள், அவன் தங்கைகள், கயிறு கட்டிய ஃபேன். ஜன்னலருகே நின்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன் — எங்கள் வீட்டில் பேசுவது பஷ்தூதான். அந்தக் கேமை முதல் நாளே முழுக்கப் படித்துவிட்டேன். கொள்ளைக்காரனின் ஜோக்குக்குத் தனியாகச் சிரிக்கவும் செய்தேன். வெளியே தெரிந்தால் பள்ளியில் நானும் ஒரு ஸர்குன் ஆகிவிடுவேனே என்று —

"தெரியும்டா" என்றான். "நீ அவனை மாதிரி பேசிக் காட்டும்போது ஒரு இடத்துலகூட நாக்கு தடுமாறாது. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

பஸ் போய்விட்டது.

ஜமான் என்பது பள்ளிக்கு வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் நான் ஸ்மரை. பஷ்தூவில் சிங்கம் என்று பொருள். சிரித்துக்கொள்ளலாம்.