தாழ்மையுடன் வந்த மெயில்

ஜூன் 3, செவ்வாய்

என் பெயரைத் திருடி, என் சனத்தையே ஏமாற்றியிருக்கிறான் ஒருவன். முதல் குற்றம் அது. கிழவி மெயிலில் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டாள் என்று எம்.கே.பி. நகர் முழுக்கப் பேசுகிறார்களே, அது அடுத்தது.

நடந்தது இதுதான். குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளராக இரண்டு வருடமாகக் குடிநீர் வாரியத்துக்கு மெயில் போடுகிறேன். ஒரு வரி பதில் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. ‘உங்கள் புகார் ஏற்கப்பட்டது. பார்க்க இங்கே தொடவும்.’ தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். எவனோ அதை எடுத்துக்கொண்டு என் கணக்கிலிருந்தே எல்லா வீட்டுக்கும் எழுதிவிட்டான்: புதுக் குழாய் வருகிறது, இதைத் தொட்டு விவரம் கொடுங்கள்.

ஜூன் 4

காலையில் சங்கத் தலைவர் துரை வந்தான். சிரிப்பு வேறு.

“யக்கா, அது உன் மெயில் இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுகினேன்.”

“எப்டிடா?”

“‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’னு கீது. நீ என்னிக்குக்கா தாழ்மையா கேட்டுகினே?”

உண்மை. நான் செயலாளரான அன்றே மனுவிலிருந்து அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். தண்ணீர் கேட்க எதற்குத் தாழ்மை?

ஆனால் மாடிவீட்டு மதி தொட்டுவிட்டாள். அவள் மெயிலும் போச்சு. “பூவம்மாக்கா சொல்லுச்சேன்னுதான் தொட்டேன்” என்றாளாம். அய்யோ, அத ஏன் சொன்னா... திருடனைத் திட்ட வாய் வருது, இதுக்கு வாய் வரல.

ஜூன் 5

போனுக்கு வந்த எண்ணைப் போட்டுக் கணக்கை மீட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு மதி வீட்டுக்குப் போய் அவளுடையதையும். அவள் டீ கொடுத்தாள். முகம் பார்க்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சங்கக் கூட்டம். கடைக்கார ஃப்ரெடி எழுந்தான். “ஆயா, வயசாயிடுச்சு. மெயில வேற யார்கிட்டயாவது குட்த்துட்டுப் பேஜாரு இல்லாம இரு.”

எனக்கு அந்தப் பொய்ப் பதில் வந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். அரசாங்கத்தின் முகவரி மாதிரியே இருக்கிறது, வால் மட்டும் வேறு. அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதுக்காக நான் வூட்ல குந்தணுமா? குழாய்ல சாக்கடைய விட்டவன் எவனாவது வேலைய விட்டானா? பதில் போட வேண்டியவன் போட்டிருந்தா திருடனோட பதில நான் ஏன் தொறக்கறேன்?

பின்வரிசையிலிருந்து மதி எழுந்தாள்: “அக்காவே இருக்கட்டும். ஆனா இனிமே நானும் கூட இருப்பேன்.”

ஜூன் 9

இன்று எல்லோருக்கும் அனுப்பியது:

குடிநீர் வாரியத்தார் எங்கள் புகாருக்குப் பதில் போட வேண்டும். பதிலோடு தண்ணீரும் வர வேண்டும். சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குச் சொல்லியாகிவிட்டது, போலீஸ் அவனைத் தேட வேண்டும். பணம் போகவில்லையே என்று கேட்கக் கூடாது. துரை அந்தப் பொய் முகவரியைப் பெரிதாக எழுதி ஒவ்வொரு பிளாக் வாசலிலும் ஒட்ட வேண்டும். ஃப்ரெடி, ஒட்டியதை யாரும் கிழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணைச் செயலாளர் மதி, என் பெயரில் எது வந்தாலும் தொடுவதற்கு முன் என் கதவைத் தட்ட வேண்டும். எந்நேரமானாலும்.

நான் எழுந்து வந்து திறக்க வேண்டும்.