பர்ஹா நிற்கும் இடம்

2018 பெப்ரவரி 20, செவ்வாய்

இன்று கூடைப்பந்துப் பயிற்சியில் ஒரு விநோதம். எனக்கு முன்னால் இரண்டு பேர் கையை உயர்த்தி மறித்துக்கொண்டு நின்றார்கள். வலது பக்கம் பார்த்தபடியே இடது மூலைக்குப் பந்தை எறிந்தேன். பர்ஹா அங்கே நின்றாள். பிடித்தாள், போட்டாள், விழுந்தது. சத்தியமாக அவளை நான் பார்க்கவில்லை.

எங்களுக்குப் பழக்குகிற ரெனால்ட் சேர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "சுபோதினி, அவ அங்க நிக்கிறது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியவில்லை. ஆறாம் ஆண்டிலிருந்து ஒரே வகுப்பு. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரே கட்டடம் — நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. அதனாலா? அப்படியென்றால் படிக்கட்டில் ஏன் தினமும் முட்டிக்கொள்கிறோம்? பஸ்ஸில் இதையே யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

மார்ச் 3, சனி

பரிசோதனை செய்தோம்! கொட்டாஞ்சேனையில் சேரின் சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் பர்ஹா தன் சோலால் என் கண்ணைக் கட்டினாள். அவள் எங்காவது ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், நான் எறிய வேண்டும். முதலாவது பந்து மதிலுக்கு வெளியே, ஓட்டோக்கள் நிற்கிற இடத்தில் போய் விழுந்தது. இரண்டாவது சேரின் மோட்டார் சைக்கிளில். அதற்குப் பிறகும் ஒன்றுகூடச் சரிவரவில்லை. பந்தைக் கொண்டுவந்து தந்த ஓட்டோக்காரர், "தங்கச்சி, கூடை உள்ளே இருக்கிறது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

ஆக, அவள் சும்மா நின்றால் எனக்குப் பிடிபடவில்லை. விளையாடும்போது மட்டும் பிடிபடுகிறது. ஏன்?

பர்ஹாவிடம் கேட்டேன். "எனக்குப் பசிக்குது, வாடி போவம்" என்றாள். அவளுக்கு எதிலும் ஆராய்ச்சி கிடையாது.

ஜூன் 30, சனி

பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டம். வென்றோம். அம்மா வரவில்லை. வீட்டுக்குப் போனதும் மெடலைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சரி, இனிப் படிப்பம்" என்றார். அம்மா அரசாங்க உத்தியோகத்தர். பென்சன் வராத எல்லாமே அவருக்கு விளையாட்டுத்தான். விளையாட்டு அதற்கும் கீழே.

டிசம்பர் 30, ஞாயிறு

ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்க இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. அம்மா சந்தோசத்தில் அழுதார். பர்ஹாவும் நானும் கதைத்ததெல்லாம், கம்பஸில் கோர்ட் எப்படி இருக்கும் என்பதைத்தான்.

2022 ஜூலை 1, வெள்ளி

நாட்டில் பெற்றோல் இல்லை. பஸ் இல்லை. பர்ஹாவும் நானும் பயிற்சிக்குக் கம்பஸ் வரை நடந்தே போனோம். போய்ப் பார்த்தால் எங்களையும் சேர்த்து ஐந்து பேர்தான். கம்பஸில் இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் — "சுபோபர்ஹா". ஒருத்தி தனியாகப் போனால், மற்றப் பாதி எங்கே என்று கேட்கிறார்கள். பார்க்காமல் எறிவது இன்னும் நடக்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை.

வீட்டில் நிலைமை சரியில்லை. கொள்ளுப்பிட்டியில் அப்பா இருபது வருடத்துக்கு மேல் வேலைசெய்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். அப்பா காலையில் வழமைபோல் சேவ் எடுத்து, சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, பல்கனியில் போய் உட்காருகிறார். "பாத்தியே? நிரந்தர வேலை இருந்தால்தான் மனிசர் நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்று அம்மா எனக்குச் சொன்னார், அப்பாவுக்குக் கேட்கும்படி. பாவம் அப்பா.

2025 மார்ச் 10, திங்கள்

எனக்கு வேலை! கொழும்புக் கம்பனிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி நடக்கும். அதில் வெல்வதற்காகவே விளையாடுகிறவர்களை வேலைக்கு எடுப்பார்கள். என்னை ஓர் ஆடைக் கம்பனி எடுத்திருக்கிறது. பெயருக்குக் கணக்குப் பிரிவில் ஒரு மேசை. நாலு மணிக்குப் பிறகுதான் உண்மையான வேலை. பந்தெறிந்து சம்பளம் எடுக்கலாம் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. இப்படியே விளையாடிப் பிழைக்க முடியுமா? முடிந்தால் வேறொன்றும் வேண்டாம்.

பர்ஹாவை ஓர் இன்சூரன்ஸ் கம்பனி எடுத்துவிட்டது. முதன்முறையாக வேறு வேறு அணி.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பதா என்று முடிவெடுப்பார்களாம். மனேஜர் ஒளிக்காமல் சொன்னார், எல்லாம் போட்டியைப் பொறுத்தது என்று. கணக்குப் பிரிவில் யாரும் எனக்கு வேலை தரவில்லை. ஸ்டேப்ளர் எப்படி வேலைசெய்கிறது என்று கழற்றிப் பார்த்தேன். திரும்பப் பூட்டத் தெரியவில்லை.

ஜூலை 19, சனி

ஐயோ. என்ன செய்துபோட்டன் நான்!

இறுதியாட்டம், பர்ஹாவின் கம்பனியுடன். நாங்கள் ஒரு புள்ளி முன்னுக்கு. ஆட்டம் முடிகிற நேரம், பந்து என் கையில். பேசாமல் வைத்துக்கொண்டு நின்றிருந்தாலே வென்றிருப்போம். இரண்டு பேர் ஓடிவந்து மறித்தார்கள். வலது பக்கம் பார்த்தபடி இடது பக்கம் எறிந்தேன்.

பர்ஹா அங்கே நின்றாள். அவர்களுடைய நீலச் சட்டையோடு.

பிடித்தாள், ஓடினாள், போட்டாள். முடிந்தது.

இத்தனை வருசமாக அவளுக்கே எறிந்த கை. கைக்குச் சட்டையின் நிறம் தெரியுமா? ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்ல? அணியில் ஒருத்தியும் என்னோடு கதைக்கவில்லை. வரும்போது கம்பனி வேனில் என் பக்கத்து சீற்றில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்திருந்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பர்ஹா வந்து என்னை மரைன் டிரைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். "பழக்கதோசத்தில உனக்கு எறிஞ்சுபோட்டன்" என்றேன்.

"நீ எனக்கு எறியல்லடி. நான்தான் அங்க வந்த."

எனக்கு விளங்கவில்லை.

"எறிய முந்தி ஒன்ட வலது தோள் கொஞ்சம் எறங்கும். ஸ்கூல்லயே எனக்குத் தெரியும். அதப் பாத்துட்டு, பந்து எங்க வரப்போகுதோ அங்க ஓடுவேன். எப்பயும் அப்பிடித்தான். நேத்தும் அப்பிடித்தான்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"செல்லியிருந்தா நீ தோள எறக்காம விட்டுருவாய். பொறகு நான் எப்பிடி ஓடுற?"

ஜூலை 22, செவ்வாய்

கண்ணைக் கட்டி எறிந்த அன்று ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்பது இப்போது விளங்குகிறது. அசையாமல் நில் என்று அவளிடம் நான்தானே சொன்னேன்!

அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். கம்பனியில் என் பந்துகள் அடிக்கடி வெளியே போனபோது, மற்றவர்கள் மந்தம் என்று நினைத்தேன். எவ்வளவு தலைக்கனம்! பர்ஹா மேல் கோபம் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எனக்கு உண்மையில் எறியத் தெரியுமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதுபோல் இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

நிரந்தரமாக்கிவிட்டார்கள். கணக்குப் பிரிவில் மட்டும். அணியில் எனக்கு இனி இடமில்லை. "இனி நேரத்தோடயே வீட்டுக்குப் போகலாம்" என்று மனேஜர் சிரித்தார், நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி.

அம்மா கேசரி கிண்டி மூன்றாம் மாடிக்கும் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பின்னேரம் ரெனால்ட் சேர் போன் எடுத்தார். மாலைதீவில், மாலேயில் ஒரு கிளப்புக்குப் பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுக்கிற ஆள் வேண்டுமாம். சம்பளம், தங்குமிடம் எல்லாம் உண்டு. ரெண்டு மாசம். பிறகு? பிறகு தெரியாது.

"பர்ஹாவும் வாறாளா சேர்?"

"ஒராளத்தான் கேக்கிறாங்க, மகள். ஒன்ன."

"அவை அந்த ஃபைனலைப் பாக்கேல்லையோ?"

"வீடியோ முழுக்கப் பாத்தாங்க. கடைசி நிமிசத்துக்கு முந்தியும் ஒரு மேட்ச் நடந்துச்சுதானே?"

செப்டம்பர் 13, சனி

வீட்டில் பெரிய சண்டை.

"உனக்கென்ன விசரே? நிரந்தர வேலையை விட்டுப்போட்டு ரெண்டு மாசப் பந்தடிக்கோ? பந்தடிச்சு எத்தினை வயசு மட்டும் சாப்பிடுவாய்?"

அம்மா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. "தெரியாதம்மா. எனக்கு ஏலுமோ எண்டு பாக்கோணும்" என்றேன். அழுதுவிட்டேன். அந்த மேசையில் இருந்து சாகும்வரை இதையே யோசிச்சுக்கொண்டு இருக்க என்னால ஏலாது!

பல்கனியிலிருந்து அப்பா சொன்னார்: "நிரந்தரம் எண்டுதான் எனக்கும் சொன்னவங்கள்."

அம்மா குசினிக்குள் போய்ச் சட்டிகளைக் கழுவத் தொடங்கினார்.

செப்டம்பர் 15, திங்கள்

வேலையை விட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு — மாலே

முதல் கிழமை படுமோசம். நான் எறிந்த பந்து ஒன்று கோச்சின் மடியில் விழுந்தது. இந்த அணியில் ஒருத்திக்கும் என் தோளைப் பற்றித் தெரியாது. அதனால் நான்தான் அவர்களைப் பார்க்க வேண்டும். ஏழாம் இலக்கக்காரி ஓடுவதற்கு முன் நாக்கைக் கடிக்கிறாள். உயரமானவளுக்குப் பந்து வேண்டுமென்றால் உள்ளங்கையைச் சட்டையில் துடைக்கிறாள். கோர்ட்டில் மற்ற நாலு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு சுவாரசியமாக இருக்கிறது! இவ்வளவு காலமும் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

பர்ஹாவுக்கு எழுதினேன். "இப்பதான் நீ வெளாடுற" என்று பதில் அனுப்பியிருக்கிறாள்.

அக்டோபர் 18, சனி

இன்று வென்றோம். கூடையில் விழுந்ததில் பாதிக்கு மேல் என் கையிலிருந்து போன பந்துகள். அடுத்த பருவம் முழுவதற்கும் வரமுடியுமா என்று கிளப்பில் கேட்டார்கள். உடனே ஓம் என்றேன், சம்பளத்தைக் கேட்கவும் மறந்துவிட்டேன்.

அறைக்கு வந்ததும் வீட்டு நம்பரிலிருந்து அழைப்பு. வந்த நாளிலிருந்து அப்பாதான் கதைப்பார். பின்னால் அம்மா சட்டி பானை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். இன்று எடுத்தது அம்மா.

"மட்ச் பாத்தனான். போனில காட்டினவங்கள். மேல்வீட்டுக்காரரும் வந்திருந்து பாத்தவை." பிறகு குரலில் ஒரு சூடு. "எடியே, நீ ஏன் ஒவ்வொருக்காவும் பந்தை மற்றப் பிள்ளையளுக்கே குடுக்கிறாய்?"

"அதுதானம்மா என்ர வேலை."

அம்மா வேலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வேலைதான். ஆர் இல்லையெண்டது? எண்டாலும் ஒண்டையாவது நீ போடன், பிள்ளை."

அடுத்த மட்ச்சில் ஒன்று போடுகிறேன் என்று சொன்னேன்.