ஒரு நொடிக்குள் இரண்டு கிளிக்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் எனக்குக் கைதட்டல். எங்கள் எடிட்டரின், அதாவது நாங்கள் விற்கும் தட்டச்சு மென்பொருளின், புதிய பதிப்பு வெளியாகி இரண்டு வாரம் ஆகிறது. மவுஸ் பகுதியில் ஒரு புகார்கூட இல்லை. அந்தப் பகுதி முழுக்க நான் எழுதியது. ஒரு கிளிக் என்றால் கர்சர் அங்கே போய் நிற்கும். இரண்டு கிளிக் என்றால் சொல் முழுவதும் நீலமாகித் தேர்வாகும். இரண்டாவது கிளிக்குக் கொடுக்கும் அவகாசத்தை அரை நொடியிலிருந்து ஒரு முழு நொடியாக்கியிருந்தேன், வேகமாக அழுத்த முடியாதவர்களுக்காக. அக்காவை நினைத்துத்தான் செய்தேன். மணிக்கட்டு முறிந்து ஒட்டியதிலிருந்து அவளுக்கு வலது கை நடுங்குகிறது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்கு என்னடி கொறச்சல்?" என்பாள்.

மார்ச் 7, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். மருத்துவர்கள் குரலில் பதிந்து அனுப்பும் அறிக்கைகளை வீட்டிலிருந்தபடியே கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக. அவள் அலுவலகமும் எங்கள் எடிட்டரைத்தான் வாங்கியிருக்கிறது.

வழக்கமாக வாய் ஓயாதவளிடமிருந்து இன்று பேச்சு கிளறக் கிளறத்தான் வந்தது. "அடிச்ச வார்த்தையைக் காணோம்டி. நானேதான் அழிச்சிருக்கேன். எப்ப அழிச்சேன்னு தெரியல." ஓர் அறிக்கையில் 'கட்டி இல்லை' என்பதில் 'இல்லை' போய்விட்டது. நல்லவேளை, மருத்துவர் படித்துப் பிடித்துவிட்டார். மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். இந்த மாதத்தோடு வேலையை விடப் போகிறாளாம். "கையோட போச்சுன்னு நெனச்சேன். மூளையும் போகுது போல."

ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேக்கா" என்றேன். அவளுக்கு நாற்பத்தெட்டு. எனக்கு வாயில் சனி.

மார்ச் 8, ஞாயிறு

அவளா மறதிக்காரி? என் பள்ளிக்கூடத் தோழிகளின் பிறந்தநாள்கூட அவளுக்குத்தான் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. அக்காவின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "எப்பவும் போல வேலையைப் பாரு. நான் வாயே திறக்க மாட்டேன்."

ஒரு சொல்லின் நடுவே எழுத்துப்பிழை. அதைத் திருத்த கிளிக் செய்தாள். கை நடுங்கிக் கர்சர் பக்கத்துச் சொல்லில் போய் விழுந்தது. உடனே நகர்த்திச் சரியான இடத்தில் மறுபடி ஒரு கிளிக். சொல் நீலமானது. அவள் அதைப் பார்க்கவில்லை. முறிவுக்குப் பிறகு கீபோர்டைப் பார்த்துத்தான் அடிக்கிறாள். ஓர் எழுத்தை அடித்தாள். முழுச் சொல்லும் போய், அந்த ஓர் எழுத்து மட்டும் நின்றது.

ஐயோ. நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். இரண்டு கிளிக்கும் ஒரே இடத்தில்தான் விழுந்தனவா என்று பார்க்கவே இல்லை. எப்படி விட்டேன்? அலுவலகத்தில் எல்லாருக்கும் நிதானமான கை. யாருக்கும் குறி தவறவில்லை. போதாக்குறைக்கு அந்த ஒரு நொடி. அரை நொடியாகவே விட்டிருந்தால் பாதி சொற்களாவது தப்பியிருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"அக்கா, உன் மூளையும் இல்ல, கையும் இல்ல. என் தப்பு. இதை எழுதினது நான்தான்."

என்னையே பார்த்தாள். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லக்கா."

முதுகில் ஓர் அறை விழுந்தது. "பாவி! மூணு வாரமா என்னைப் பைத்தியமாக்கிட்டியே!" சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். அதற்கு மேல் திட்டவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 11, புதன்

குழுத் தலைவரிடம் சொன்னேன். எட்டு நாள் முன்னால் கைதட்டிய அதே அறை, அதே ஆட்கள். எங்கள் சோதனையாளர், நாங்கள் 'கழுகு' என்று கூப்பிடுகிறவர், முந்திக்கொண்டார்: "என் கண்ணுலயும்தான் படலை. பாதி என் கணக்குல எழுதுங்க."

தலைவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கே சரிபண்ணும்மா. வாங்கினவங்க எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிக் கடிதம் போகணும். முதல் கடிதம் உங்க அக்கா மேனேஜருக்கு. நான் கையெழுத்துப் போடுறேன்."

இனி இரண்டாவது கிளிக் முதலாவதை ஒட்டி விழவேண்டும். தள்ளி விழுந்தால் அது புதிய ஒற்றைக் கிளிக். கழுகு சாயங்காலம் வரை இடது கையால் மவுஸைப் பிடித்துச் சோதித்தார், குறி தவற வேண்டுமே என்று. இவர்களோடு வேலை பார்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

மார்ச் 13, வெள்ளி

அக்காவுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை மேலாளர் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். வேலையை விடுவது பற்றி அவள் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மாதக் கடைசி. மனம் கேட்காமல் சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். கதவைத் திறந்தாள், கழுத்தில் ஹெட்போன்.

"உள்ள வா, ஆனா பேசாதே. இன்னும் மூணு ரிப்போர்ட் இருக்கு. காபி போட்டுக் குடி. எனக்கும் ஒண்ணு கொண்டா."

கொண்டுபோய் வைத்தேன். திரும்பிப் பார்க்காமலே ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று திட்டினாள். நன்றாகத் திட்டினாள்.