பத்து நாள் கை படாத பிராஞ்ச்

ஜூன் 1, திங்கள்

கண்டக்குழி, எங்கள் கடற்கரை ஊர். விடியலிலிருந்தே காற்று. படகு ஒன்றும் இறங்கவில்லை. நானா, என் அண்ணன், கடலுக்குப் போகாமல் வீட்டில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

பதினொரு நாளுக்குப் பிறகு வேலை. பெருநாள் லீவு + லப்டொப் ரிப்பேர். உப்புக் காற்றில் உள்ளே துரு. புத்தளத்துக் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துத்தான் தந்தார். நானும் சரி என்றேன். என் பிராஞ்ச், அதாவது நான் எழுதிய கோட் எல்லாம் உள்ள தனிப் பிரதி, கம்பனி சேர்வரில் இருக்கிறதே, இறக்கிக்கொள்ளலாம் என்று.

இறக்கப் போனால் இல்லை. மீனவருக்கான கடல் எச்சரிக்கை போன் அப், அதன் தமிழ்ப் பக்கங்கள், மூன்று கிழமை வேலை. அப்படி ஒரு பிராஞ்சே இல்லை என்கிறது.

வியாழன் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். இந்த மாதத்தோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. காட்டாவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

ஜூன் 2, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். சுரேன். எங்கள் டீம் லீடர், கொழும்பில் ஏசி அறையில் இருக்கிறவர். பிராஞ்ச்களை ஒவ்வொன்றாகப் பெயர் அடித்து அழிக்க அவருக்குப் பஞ்சி, சோம்பல். குறுக்குவழி ஒன்று செய்து வைத்திருக்கிறார்: இரண்டெழுத்து அடித்தால், பத்து நாள் கை படாத பிராஞ்செல்லாம் சேர்வரிலிருந்து போய்விடும். வேலை முடிந்ததா என்று பார்க்காது. யாரையும் கேட்காது.

போன் எடுத்தேன்.

"பத்து நாளா ஒரு அசைவும் இல்லையே, பர்ஹானா. கைவிட்டுட்டீங்க எண்டு நினைச்சன்."

"லீவு தந்ததே நீங்கதானே?"

"உங்கட மெஷின்லயும் ஒரு கொப்பி வச்சிருக்கோணும்."

வாயில் வந்ததை விழுங்கினேன். இங்கே எழுதுகிறேன்: சோம்பேறி. அறிவுகெட்ட சோம்பேறி.

உம்மா: "சோத்துல கோவத்தக் காட்டாத. ஆறுது, தின்னு."

ஜூன் 3, புதன்

டீமில் தர்ஷி, சிலாபத்துப் பிள்ளை, சிங்களப் பக்கங்கள் செய்கிறவள். ஒப்பிட்டுப் பார்க்க என் பிராஞ்சை முன்பே இறக்கியிருந்தாள். மெஷினைத் துப்புரவு பண்ணுகிற பழக்கமே அவளுக்கு இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

"இரிக்கு அக்கா. அப்பிடியே இரிக்கு."

"ஒண்ணும் தொடாத. அந்தக் குறுக்குவழிய மட்டும் அடிச்சிராத. அப்பிடியே மேல ஏத்து."

ஏற்றினாள். அழுதேன், கோபத்தில்தான். லீவுக்கு முந்தின கடைசி மூன்று நாள் வேலை அதில் இல்லை. திரும்ப எழுதினேன். நானா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தான். "காத்து எத்தின மைல் எண்டு பொறகு சொல்லு. போகலாமா, போகப்படாதா? அத முதல் வரியில போடு." போட்டேன்.

செய்ய வேண்டியது: என் பிராஞ்சை யாரும் அழிக்காதபடி பூட்டு. லப்டொப்புக்கு உறை. தர்ஷிக்கு இனிப்பு, உம்மா கிண்டுகிற தொதல்.

ஜூன் 4, வியாழன்

காற்று குறையவில்லை. ஒன்லைன் கூட்டம். பக்கங்கள் ஓடின. எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் மட்டும் முடியவில்லை. ஏன் தாமதம் என்று வாடிக்கையாளர் கேட்டார்.

சுரேன்: "பர்ஹானா பெருநாள் லீவில நிண்டவ. அதால கொஞ்சம் சுணங்கிட்டுது."

எனக்கு நிரந்தரக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான். மைக்கைத் திறந்தேன்.

"லீவால இல்ல. நான் லீவில இருக்கக்குள்ள என்ட பிராஞ்ச சுரேன் அழிச்சிட்டார். தர்ஷிட மெஷின்ல இருந்துதான் எடுத்தோம்."



"பர்ஹானா, உங்கட லைன் கிளியர் இல்ல" என்றார் சுரேன்.

இன்னொரு தடவை சொன்னேன்.